கேள்விகள் கடைசியில்

கல்யாணத்தை நேரலையில் காட்டுவது சுலபம் ஐயா. தாலி கட்டும் நேரம் பத்திரிகையிலேயே இருக்கும். ஆபரேஷன் அப்படியில்லை. அதனால்தான் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன்.

என் பெயர் வெங்கடேசன். கள்ளக்குறிச்சியில் நடக்கும் டாக்டர்களின் பயிற்சி மாநாட்டை வெளியூர்களுக்கு ஒளிபரப்புவது என் பொறுப்பு. முன்பெல்லாம் மண்டபத்துக்கு நூறு பேர் வந்தால் பெரிது. நான் வந்த பிறகு ஆயிரத்து இருநூறு பேர் பார்த்தார்கள். கல்வராயன் மலை நர்சுகளும் செல்போனில் பார்க்கட்டும் என்று சொன்னதே நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று டாக்டர் இளஞ்செழியன் பித்தப்பையை அகற்றிக் காட்டுவதாக ஏற்பாடு. மேஜையில் மலையிலிருந்து வந்த செவ்வந்தி என்கிற அம்மா. மயக்கம் கொடுத்தாயிற்று. கத்தி வைப்பதற்கு முன் போடும் கிருமி எதிர்ப்பு ஊசியின் பெயரைச் சொல்லி, சிரிஞ்சைக் கேமராவுக்குக் காட்டினார்கள். வெளியூர்க் குரல்கள் முதலில் என் ஹெட்போனுக்குத்தான் வரும். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருக்கும் நான் திறந்துவிட்டால்தான் ஆபரேஷன் தியேட்டரில் கேட்கும். மலையிலிருந்து இசைவாணி என்கிற நர்ஸ் பேசினார்.

“சார், அந்த ஊசி வேணாங்க. போன வருசம் அதப் போட்டுத்தான் இந்தம்மாவுக்கு மூச்சே நின்னுப்போச்சு.”

“இன்னா சிஸ்டர், எவ்ளோ பெரிய டாக்டருங்க பாத்துக்கினு இருக்காங்க. கேள்வியெல்லாம் கடைசிலதான்,” என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

“கேள்வி இல்ல சார். உள்ள சொல்லிடுங்க சார்,” என்று அழ ஆரம்பித்துவிட்டார். ஒருவருக்கு இடம் கொடுத்தால் நூறு பேர் நுழைவார்கள். அவரை இணைப்பிலிருந்து நீக்கினேன். ஊசி ஏறியது.

டாக்டர்களின் போன்களைச் சத்தம் அடைத்து என் மேஜையில் வைப்பது வழக்கம். மலையிலிருந்து டாக்டரின் மருத்துவ முகாமுக்கு நோயாளிகளை அனுப்புகிறவர் என்பதால், இளஞ்செழியன் போனில் இசைவாணியின் பெயர் இருந்தது. ஏழு முறை ஒளிர்ந்தது. கவிழ்த்து வைத்தேன்.

வயிற்றில் துளையிட்டுக் குழாயை நுழைத்த சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் மடமடவென்று இறங்கியது. குழாய் குத்தி உள்ளே எங்கோ கிழிந்துவிட்டது என்று நினைத்து, டாக்டர் வயிற்றையே திறந்து ரத்தக் கசிவைத் தேடினார். கசிவே இல்லை.

எனக்குக் காரணம் தெரியும். மைக் வாய்க்கு எதிரேதான் இருந்தது. சொன்னால், நர்சை ஏன் நீக்கினாய் என்பார்கள். மலைக்கு இணைப்பே வேண்டாம் என்பார்கள். அத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்த படிப்பு ஒரே நாளில் நின்றுவிடும். திரையில் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று போட்டுவிட்டு, இசைவாணி பேசிய பதிவை அழித்தேன். அவர்கள் இருபது நிமிடம் தேடினார்கள். அதற்குள் செவ்வந்தி போய்விட்டார்.

நடுவில் ஒருமுறை டாக்டர், “என்னாச்சு இந்தம்மாவுக்கு, யாருக்காவது தெரியுதா?” என்று கத்தினார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தேன். என் பெயரைச் சொல்லி அவர் கேட்கவில்லை ஐயா. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.