மேடம் பேர்ல போன பாடம்

— இன்னா மெர்சி மிஸ், ஸ்டாஃப் ரூம் கம்ப்யூட்டர்ல இருந்ததெல்லாம் சர்வருக்கு ஏத்தி முடிச்சாச்சு. இப்ப வந்து திருப்பிக் குடுன்னா எப்படி?

— யாசிர் தம்பி, உன்னக் கும்பிட்டுக் கேக்குறேன். என்னோட ஃபோல்டர் ஒண்ணு. அத மட்டும் எடுத்துக் குடுத்துடு.

— சர்வர்ல உங்க பேர்ல ஒரு ஃபோல்டர் இருக்கு. ஆனா காலியாத்தான் கெடக்குது.

— காலியா? அப்ப என்னோடது எங்க போச்சு?

— டென்ஷன் ஆவாதீங்க மிஸ். அந்தக் கம்ப்யூட்டர்ல உங்க பாஸ்வேர்டு போட்டுத்தானே உள்ள போவீங்க?

— எனக்கேது பாஸ்வேர்டு? ஹெச்.எம். அக்தரி மேடம் என்னிக்கோ ஒரு தபா போட்டுத் தொறந்தாங்க. அதுக்கப்புறம் யாரும் மூடவே இல்ல. எல்லாரும் அதுலயே வேல பாத்துக்கிட்டு இருந்தோம்.

— சரியாப்போச்சு! அப்ப நீங்க வெச்சதெல்லாம் மேடம் பேர்ல, மேடம் ஃபோல்டருக்கே போயிருக்கும்.

— ஏசப்பா! மாட்டுறதுக்கு வேற ஆளே கெடைக்கலியா எனக்கு?

— அப்படி இன்னாதான் இருக்குது அதுல? கொஸ்டீன் பேப்பரா?

— என் குரல்தான். பத்தாவது கணக்கு, நானே பேசிப் பதிஞ்சது. படிப்ப நிறுத்திட்டு ஷூ கம்பெனிக்குப் போன நம்ம ஸ்கூல் பொண்ணுங்களுக்கு. ஜோலார்பேட்டையிலேருந்து ஆம்பூருக்குக் கம்பெனி பஸ்ல போவ வர காதுல மாட்டிக் கேப்பாங்க. தனியா பரீட்ச எழுதப் போறாங்க.

— நல்ல காரியம்தானே மிஸ்! இதுக்கா இவ்ளோ பேஜாரு?

— உனக்குத் தெரியாது. வெளிய டியூஷன் எடுத்தா அன்னிக்கே வேலையிலேருந்து அனுப்பிடுவேன்னு கரஸ்பாண்டன்ட் சார் சொல்லியிருக்காரு. சும்மாதான் சொல்லித் தர்றேன்னா நம்புவாரா? எங்க வீட்ல என் சம்பளம் மட்டும்தான். தயவுசெஞ்சு அழிச்சுடு தம்பி.

— அழிச்சுட்டா அந்தப் பொண்ணுங்க கதி?

— மொதல்லேருந்து திரும்பப் பேசிக்கிறேன். தொண்ட போனாப் போவட்டும், அதுங்கள நடுவுல விட முடியாது.

— சரி, இருங்க, தொறக்குறேன்... மிஸ், மேடம் நேத்தே இதப் பாத்துட்டாங்க போலருக்கே.

— அய்யய்யோ! நெஞ்சு அடிச்சுக்குது யாசிர்.

— இன்னும் கொஞ்சம் கெட்டியாப் புடிச்சுக்குங்க. அதோ, மேடமே வர்றாங்க.

— மெர்சி! ஸ்கூல் முழுக்க உன்னத்தான் தேடிட்டு வர்றேன்.

— மேடம், ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளுங்க...

— கேட்டாச்சு. நேத்து ஃபோன்ல ஏத்திக்கிட்டுப் போயி, சமையல்கட்டுல வெச்சு முழுசாக் கேட்டாச்சு.

— சத்தியமா யார்கிட்டயும் ஒத்தப் பைசா வாங்கல மேடம்.

— அத விடு. முக்கோணம் வரைக்கும் வந்துட்டு அப்படியே நிக்குதே, மிச்சம் எங்க?

— மிச்சம்... இன்னும் பேசல மேடம். கரஸ்பாண்டன்ட் சாருக்கு இது...

— அவர்கிட்ட நான் பேசுறேன். பத்தாவது எழுதாமலே கல்யாணமாகி எங்க வீட்டுக்கு வந்த என் மருமக, நேத்திலேருந்து அடுத்த பாடம் எங்கன்னு என் உயிர எடுக்குறா. இங்கிலீஷ் மொதப் பாடத்த நானே பேசி அந்த ஃபோல்டர்லயே போட்டுட்டேன், சயின்ஸுக்கு நீ யாரப் புடிச்சிருக்க?