இருக்கக்குள்ள ஒரு இலை

நல்லரத்தினம்: ...இதென்ன புஸ்பம்? வாழையிலை, நண்டு, எருமைத்தயிர்... ஆரு வாறாங்க நம்மட ஊட்ட?

புஸ்பம்: ஒருத்தரும் வரல்ல. கையக் கழுவிட்டு இருங்க.

நல்லரத்தினம்: சுங்கான் கருவாடுமா! உப்பக் குறைக்கச் சொல்லி டொக்டர்...

புஸ்பம்: எந்த டொக்டர்?

நல்லரத்தினம்: ...ரேடியோவில ஒராள் சொன்னார்.

புஸ்பம்: ம்... ரேடியோவில. சோறு ஆறுது.

நல்லரத்தினம்: பொறு பொறு. இலை ஓரத்தில பீடிக்கட்டு! என்ட பீடியெல்லாம் புடுங்கி அடுப்புல போடுற நீ...

புஸ்பம்: இண்டைக்குப் போடல்ல.

நல்லரத்தினம்: அடியேய், பக்கத்து ஊட்டு அழகரத்தினம் செத்து எட்டாம் நாள் படைச்சாங்களே, அது மாதிரியே இரிக்கி. மனிசன் விரும்பித் தின்ட சாமான் எல்லாம் இலையில...

புஸ்பம்: அங்க நீங்க சிரிச்ச சிரிப்பு! "செத்த ஆள் எந்த வழியால வந்து தின்னுற?" எண்டு சபையில கேட்டு... அவர்ர பொஞ்சாதிட முகத்தப் பார்க்க ஏலாமப் போச்சி எனக்கு.

நல்லரத்தினம்: சிரிச்சது பிழைதான். கதை பிழையில்ல. போனா போனதுதான். எனக்கு நீ அப்பிடி ஒண்டும் செய்யப்படாது.

புஸ்பம்: பயமில்லையா உங்களுக்கு?

நல்லரத்தினம்: இல்ல... கொஞ்சம் இரிக்கி. கடையில சைக்கிளுக்கு ஒட்டுப் போடக்குள்ள சில நேரம் கை அப்பிடியே நிண்டு போகும்.

புஸ்பம்: மறுகா?

நல்லரத்தினம்: மறுகா என்ன, காத்தடிச்சிக் குடுக்கிறதுதான். ஆக்கள் நிக்கிறாங்களே.

புஸ்பம்: உங்கட பகிடி...

நல்லரத்தினம்: கவலை ஒண்டுதான். மத்தவன் சாகக்குள்ள தன்ட பொஞ்சாதிக்கு "அங்க காண்பம்" எண்டு சொல்லிட்டுப் போவான். எனக்கு அப்பிடிச் சொல்ல ஏலா. பொய் வராது.

புஸ்பம்: வராதா? அப்ப செவ்வாய்க்கிழம டயர் எடுக்கவா மட்டக்களப்புக்குப் போன நீங்க?

நல்லரத்தினம்: ...ஓம்.

புஸ்பம்: டயர் எங்க? உங்கட சேட்டுத் தோய்க்கக்குள்ள பொக்கட்டுல ஆஸ்பத்திரிக் கடிதம் கிடந்திச்சி. தங்கச்சிர மகள் கஜானிதான் வாசிச்சிக் காட்டினாள். அஞ்சாறு மாசம்தானாம்...

நல்லரத்தினம்: உன்னைய அழ வைக்கப்படாதெண்டுதான்...

புஸ்பம்: நேத்தே அழுது முடிச்சிட்டன். சாப்பிடுங்க.

நல்லரத்தினம்: அப்ப இது என்ட எட்டாம் நாள் படையலா? நீ சாமி கும்புடுற ஆள் புஸ்பம். நான் செத்தாப் புறகு படைச்சா வந்து தின்னுவன் எண்டு நம்புற ஆள்.

புஸ்பம்: சுனாமியில போன நம்மட மகன் நிதுர்ஷனுக்கு இருவது வருசமாப் படைச்சன். ஒரு பருக்கையும் குறைஞ்சதில்ல. அத உங்கட்டச் சொன்னா அவன் முழுசா இல்லாமப் போயிடுவான் எண்டு பயந்து சொல்லல்ல... இன்னொரு இலைக்கு முன்னால காத்திருக்க என்னால ஏலா. நீங்க தின்னுங்க, நான் பார்க்கணும்.