கணுக்காலோட நின்னுபோன போஸ்டர்

...முழு அளவுன்னு போட்டிருந்தான் தம்பி, இந்தப் போஸ்டரை வித்தவன். அசல், முழு அளவு, ஓரம் வெட்டாதது. எல்லாம் அவன் வாயால... வாயால என்ன, கையால டைப் அடிச்சது. வந்ததைப் பிரிச்சுப் பார்த்தா கணுக்காலோட நின்னுபோச்சு. பாதத்தைக் காணோம். உள்ள வாங்க, ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? மேல்வீட்டுக்குப் புதுசா வந்திருக்கிற பிள்ளைதானே? தெரியும் தெரியும். சீலிங்ல தட்டுற சத்தத்தைப் பத்திக் கேக்க வந்திருப்பீங்க. அதுக்கு வரேன். இதைக் கேட்டாத்தான் அது புரியும். உக்காருங்க.

எங்க வீட்டுக்காரர் இருக்காரே, கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு மேஜிக் கம்பெனியில லைட்டு போடுற வேலை பாத்தார். பொண்ணைப் பெட்டியில படுக்கவெச்சு ரெண்டா அறுப்பாங்கள்ல, அந்தக் கம்பெனி. அதுல தலை ஒருத்தரோடது, கால் இன்னொருத்தரோடது. நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதீங்க, தொழில் ரகசியம்னு கோவிச்சுக்குவார். ஒருநாள் கால் போடுற பொண்ணுக்குக் காய்ச்சல். பெட்டிக்குள்ள அடங்குற மாதிரி ஒல்லியா இருந்தது இவர் ஒருத்தர்தான். காலை மழமழன்னு மழிச்சு, நகத்துக்குச் சிவப்பா பாலீஷ் போட்டு, உள்ள தள்ளிட்டாங்க. கைத்தட்டல் அள்ளிக்கிட்டுப் போச்சாம். அப்புறம் அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல் விட்டும் இவரையே வெச்சுக்கிட்டாங்க. போஸ்டர் வரைஞ்சவரும் இவர் காலைப் பாத்துத்தான் வரைஞ்சாராம்.

பாருங்க, நீங்களே சிரிக்கிறீங்க. எங்க அக்காவும் இப்படித்தான் நம்பாம சிரிப்பா. அவ பிள்ளைங்க இவரைக் 'கால் சித்தப்பா'ன்னுதான் கூப்பிடும். அத்தான் அதுக்கும் மேல. சாப்பிட உக்காந்ததும், 'என்ன சகலை, இன்னிக்கு மேல்பாதி வந்திருக்கா கீழ்பாதி வந்திருக்கா?'ம்பார். இந்த மனுஷன் தட்டைப் பாத்துக் குனிஞ்சுக்குவார். எனக்கு வயிறு எரியும் தம்பி. நான் அவரை ஆயிரம் சொல்லுவேன், அது வேற. அவங்க சொல்லக்கூடாது.

இன்னிக்குச் சாயங்காலம் அக்காவும் அத்தானும் வராங்க. அதுக்குத்தான் இந்தப் போஸ்டர். இவருக்கு வலது கால்ல ரெண்டாவது விரல் கட்டைவிரல் மேல ஏறி உக்காந்திருக்கும், கூட்டமான பஸ்ல அடுத்தவர் மடியில உக்கார்ற மாதிரி. அந்த விரல் போஸ்டர்ல இருந்துட்டா போதும், அக்கா மூஞ்சியில ஈயாடாது. இவருக்கே தெரியாம ஆன்லைன்ல தேடித் தேடி, பழைய போஸ்டர் விக்கிறவன் ஒருத்தன்கிட்டப் பிடிச்சேன். கண்ணுல எண்ணெய விட்டுக்கிட்டுக் காத்திருந்தேன். வந்தது இதான். தலை இருக்கு, சிரிப்பு இருக்கு, ரம்பம் இருக்கு. கால் கீழ வரும்போது தாள் தீந்துபோச்சு. எவன் காலோ யாருக்குத் தெரியும்?

விடுவேனா? அதே ஆன்லைன்ல புகார் பண்ற இடத்துக்குப் போனேன். என்ன குறைன்னு கேட்டுச்சு. உடைஞ்சிருக்கா, நிறம் மாறியிருக்கா, அளவு பொருந்தலையான்னு. பாதம் இல்லைன்னு ஒண்ணு இல்ல அதுல. சரின்னு அளவு பொருந்தலைன்னு அமுக்கினேன். 'ஒரு சைஸ் பெரிதாக வாங்கிப் பாருங்கள்'னு பதில் வருது, செருப்புக் கடையில சொல்றாப்ல. மறுபடியும் விளக்கமா எழுதினேன். 'உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது.' புரிஞ்சா பாதத்தைக் கொடுங்கடான்னு எழுதினேன். 'உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது.' கிளிப்பிள்ளை தம்பி, அது கிளிப்பிள்ளை.

ஆதாரம் கொடுங்கன்னு கேட்டுச்சு. இல்லாத பாதத்தை எப்படிப் படம் எடுக்கிறது? யோசிச்சேன். மத்தியானம் இவர் தூங்கும்போது போர்வையை விலக்கி, விரலெல்லாம் நல்லாத் தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்து, 'இது வரவேண்டியது, வரவில்லை'ன்னு எழுதி அனுப்பிட்டேன். 'இந்தப் படம் எங்கள் விதிகளுக்கு ஒவ்வாதது'ன்னு தூக்கிட்டாங்க. என்ன ஒவ்வாதது? குளிச்சுட்டுத்தான் படுத்திருந்தார்.

அந்த விக்கிறவன் இருக்கானே, அவன் அதுக்கு மேல. 'அம்மா, அட்டைக்குழாயை இன்னொரு தடவை பாருங்க'ன்னு எழுதுறான். போஸ்டர் வந்துச்சே குழாய், அதை. சரி, குழாய் நசுங்கிருச்சான்னு கேக்கிறான் போலன்னு இப்படி ஒரு பக்கம், அப்படி ஒரு பக்கம்னு சுத்திச் சுத்திப் படம் எடுத்து அனுப்பினேன். 'குழாயை நல்லாப் பாருங்கம்மா'ன்னு மறுபடியும். நான் பாதத்தைக் கேக்கிறேன், இவன் குழாயைச் சொல்றான். யார் காதுல பூ சுத்துறான்? அப்புறம் என்னமோ நீளமா எழுத ஆரம்பிச்சான், நான் அவனை பிளாக் பண்ணிட்டேன். நீளமாப் பேசுறவங்களை எனக்கு ஆகவே ஆகாது தம்பி. விஷயம் இருந்தா சுருக்கமா சொல்லிட்டுப் போகணும்.

ஏமாத்துக்காரன்னு விமர்சனமும் போட்டேன். அக்கம்பக்கத்துல எல்லார்கிட்டயும் சொல்லிப் போடவெச்சேன். இப்போ அவன் கடைப் பக்கத்தைத் திறந்தா 'தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது'ன்னு வருது. நல்லா வேணும்.

உங்க விஷயமா? வரேன் வரேன். காலையில நீங்க மேல கயிறு வெச்சுக் குதிக்கிறீங்க, இல்லையா? உடம்புக்கு நல்லதுதான். ஆனா எனக்குத் தலையில இடி விழுற மாதிரி இருக்கு. துடைப்பக்கட்டையால தட்டிப் பாத்தேன், உங்களுக்குக் கேக்கலை. அப்புறம் இந்தக் குழாயை எடுத்தேன். அடடா, என்ன கனம்ங்கறீங்க. வெறும் அட்டைதான், ஆனா தட்டினா கும்முன்னு விழும். மூடி கழண்டு விழுந்திருச்சு, அந்தப் பக்கத்தாலதான் இடிப்பேன். அந்த ஆள் அனுப்பினதுல உருப்படியான சாமான் இது ஒண்ணுதான்.

ஏன், கையில வாங்கிப் பாக்கணுமா? பாருங்க. என்ன, ஒரு கண்ணை மூடிக்கிட்டு உள்ள பாக்கிறீங்க? விரலை விட்டு எதை நோண்டுறீங்க?

...குழாயோட உள்பக்கத்துல ஒட்டிக்கிட்டு இன்னொரு போஸ்டரா?

மெல்ல, மெல்ல இழுங்க. துணியில ஒட்டின தாளா? அதான் அந்தக் கனமா? ஓ... அசலைக் குழாயோட ஒட்டினாப்ல விட்டு, அது சுருண்டு விழாம நடுவுல ஒரு நகலைச் சுருட்டி வெப்பாங்களா? உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களும் பழைய போஸ்டர் வாங்குறவரா? அப்போ நான் சண்டை போட்டதெல்லாம் அந்த நகலை வெச்சுக்கிட்டா?

இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல அவன்?

...சரி, சொல்லத்தான் வந்திருப்பான்.

விரிங்க தம்பி. தலை... ரம்பம்... கால்... ஐயோ, பாதத்துப் பக்கம்தான் நான் இடிச்ச பக்கமா? கசங்கிக் கூழாயிருக்கே. இடது பாதம் போச்சு. வலது... கையை எடுங்க, கையை எடுங்க. விரல். ரெண்டாவது விரல் தம்பி, ஏறி உக்காந்திருக்கு பாருங்க, அப்படியே. சிவப்பு பாலீஷோட. அவரேதான். ஐயோ, எனக்கு அழுகை வருது. அந்த மனுஷன் சொன்னது அத்தனையும் நிஜம். வரட்டும் அக்கா. இந்த விரலை அவ மூக்குக்கு நேரா நீட்டுறேன்.

இருங்க, முதல்ல அந்த ஆள் கடையைத் திறக்கவைக்கணும். பாவம், என்ன பண்றானோ. இதோ, புகாரை வாபஸ் வாங்கணும்னா காரணம் கேக்குது. 'பொருள் வந்து சேர்ந்தது.' வந்ததுதான், ஆனா கசங்கியிருக்கே. 'பொருள் சேதமடையவில்லை.' எப்படி அமுக்குறது, பொய்யாச்சே? சேதத்துக்கு யார் பொறுப்புன்னு வேற கேக்குது. விற்பனையாளர், கொரியர், மற்றவர். கொரியர் மேல பழி போட எனக்கு மனசு வரலை. நியாயமாப் பாத்தா, நீங்க குதிக்காம இருந்திருந்தா நான் இடிச்சிருக்கவே மாட்டேன், இல்லையா? 'மற்றவர்: மேல்வீட்டுக்காரர்'னு போட்டுடறேன். உங்க பேர் மட்டும் கேக்குது, முழுப்பேரா சொல்லுங்க.

தம்பி?

தம்பி... அட, ஏன் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு மாடிப்படியில நுனிக்கால்ல ஏறுறீங்க?