மீன்குளத்தின் மேல் பனி

அகழியில்தான் மீன் வளர்த்தார்கள் என்று பூங்காவுக்கு வருகிறவர்கள் நினைக்கிறார்கள், ஐயா. அது பிழை. எழுநூறு வருடத்துக்கு முன் அங்கே ஒரு பிரபுவின் மாளிகை இருந்தது. அதைச் சுற்றித்தான் அகழி, முழங்கால் தண்ணீர். மீனுக்கு வேறு குளம், பின்னால். குளிருக்கு மீன் சாகாமலிருக்க அதன் நடுவை ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். ஆறு வருடமாக அந்தப் பூங்காவில் வேலை பார்க்கிறவன் நான், எனக்குத் தெரியும்.

இந்த 2009 பெப்ரவரியில் லண்டன் முழுக்கப் பனி கொட்டியதே, அன்று குளம் எது, புல்தரை எது என்று தெரியவில்லை. குளத்தைச் சுற்றிக் கயிறு கட்டச் சொன்னார்கள். நான் கட்டவில்லை. யார் வரப்போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

ஆரணன் வந்தான். என் மனைவி சிவரூபினியின் தம்பி. பாரிஸிலிருந்து வந்து மூன்று நாள். பஸ் ஓடவில்லை, வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே வந்திருந்தான்.

“அத்தான், அக்காவை நான் கூட்டிக்கொண்டு போறன். சனிக்கிழமை ரெயில்.”

“அவள் கேட்டவளோ?”

“அக்கான்ர கையைப் பாத்தனான். இனி நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம்.”

கை முறிந்தது படியில் விழுந்து. ஆஸ்பத்திரியில் அவளே அப்படித்தான் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அதற்கு முதல் விலா எலும்பும் அப்படித்தான். நான் சத்தம் போடுகிறவன் இல்லை. அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவன் குடிக்கவில்லை.

வெளிக்கிடும்போது வெள்ளைக்கு அப்பால் தெரிந்த ரோட்டைக் காட்டினான்.

“இதால குறுக்கால போகேலுமோ?”

“ஓம்,” என்றேன்.

குளத்தின் நடுவில் பனிக்கட்டி உடைந்தது. இரண்டு தரம் கூப்பிட்டான், அத்தான் என்று. உயிர்காப்பு வளையம் எனக்குப் பக்கத்துக் கம்பத்தில் தொங்கியது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நடைபாதைக்கு உப்புத் தூவப் போனேன், மத்தியானத்துக்குள் முடிக்கவேண்டிய வேலை. முடித்துவிட்டு வந்து பார்த்தபோது குளத்தில் சத்தம் இல்லை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிட்டேன்.

ஓம், நான்தான் அவனைச் சாகவிட்டேன். அவள் போகக்கூடாது என்பதற்காக. எழுதிக்கொள்ளுங்கள்.

பொலிசுக்கு டெலிபோன் எடுத்தது சிவரூபினி என்கிறீர்கள். தம்பியைத் தேடி எடுத்திருப்பாள், வேறொன்றும் இராது. கெதியாய் முடியுங்கள், ஐயா. நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவளுக்கு நித்திரை வராது.