மறுப்புச் சொல்லாத ஒரு பாடவேளை

காண்பதையே கருத்தாய்க் கொண்ட கல்விக் களஞ்சியமே! ஐம்புலன் அறிவுக்கு அரணாய் நின்ற அம்மையே! மறுமையை மறுத்தாலும் இம்மையில் எங்களை இம்மியும் விட்டுக்கொடுக்காத எங்கள் உலகாயதப் பேராசிரியையே! வணக்கம்.

இத்தனை அடைமொழிகளுக்கும் தாங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. பொறுத்தருள்க, இவை இல்லாவிட்டால் பணிநிறைவு வாழ்த்து மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட அலுவலகம் ஒப்பாது. எழுதும் பணியோ, முப்பத்தோர் ஆண்டுகளாகத் தங்கள் எதிர் மேசையில் அமர்ந்து சமண தத்துவம் கற்பிக்கும் என் தலையில் விழுந்தது. மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் 'ஒருவகையில் சார்'. எப்பொருளும் ஒருவகையில் உண்டு, ஒருவகையில் இல்லை என்று நான் அநேகாந்தத்தைத் தொடங்கும்போதெல்லாம் தாங்கள் மேசையைத் தட்டி, "இது இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க சார்" என்பீர்கள். என்னிடம் சமணம் தந்த ஏழு விடைகள் இருந்தன. முதலாவதைக் கேட்கும் பொறுமைகூடத் தங்களுக்கு இருந்ததில்லை.

வாதத்தில் வன்மை, வாழ்வில் மென்மை! சர்க்கரை டப்பாவில் ஏறிய எறும்புகளைக் காகிதத்தில் ஏந்தி ஜன்னலுக்கு வெளியே விட்டவர் தாங்கள்தான். சமணம் பேசும் நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். "உங்க அகிம்சைக்காக இல்ல சார். அதுக்கும் வலிக்குது, கண்ணால பார்க்குறேன், அவ்வளவுதான்" என்றீர்கள். என் மனைவி நோயுற்றபோது, "கர்மம்னு சொல்லிட்டு உக்காராதீங்க, இன்னொரு டாக்டரைப் பாருங்க" என்று அதட்டி அழைத்துச் சென்றவரும் தாங்களே. அவள் இதோ முன்வரிசையில் நலமாக இருக்கிறாள்.

சென்ற மாதம் வந்தது சோதனை. தாங்கள் ஓய்வு பெற்றபின் தங்கள் பணியிடம் நிரப்பப்படாது, எடுக்க ஆளில்லாத உலகாயதப் பாடத்தை நீக்கிவிடலாம் என்றார் முதல்வர். உலகாயதர் எழுதியவற்றில் பெரும்பகுதி அழிந்துபோனது. மறுக்க வந்தவர்கள் குறித்து வைத்ததால்தான் அவர்கள் குரல் கொஞ்சமாவது மிஞ்சியது. மிஞ்சியதும் நம் கல்லூரியில் போய்விடக் கூடாதென்று, "நான் எடுக்குறேன்" என்று கை தூக்கினேன்.

"நீங்களா? மணி அடிக்கிறதுக்குள்ள எங்க ஆளுங்களைக் கொன்னு புதைச்சிருவீங்களே!" என்றீர்கள்.

கடைசி வரிசையில் அமர்ந்து என்னைச் சோதித்தீர்கள். முதல் வகுப்பில், உலகாயதர் அனுமானத்தை அறவே ஏற்கமாட்டார்கள் என்றேன். "புகையைப் பார்த்தா தீ இருக்கும்னு எங்க ஆளுங்கள்ல சிலருக்கும் தெரியும் சார். பார்க்கவே முடியாத மேலுலகத்துக்கு அதை இழுக்காதீங்கன்னுதான் சொன்னாங்க" என்று திருத்தினீர்கள். இரண்டாம் வகுப்பில் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன். பிறகு பழக்கதோஷத்தில் கடைசிப் பத்து நிமிடம் அத்தனையையும் மறுத்துத் தொலைத்தேன். வகுப்பே சிரித்தது, தாங்கள் மட்டும் சிரிக்கவில்லை.

மூன்றாம் வகுப்பில் ஒரு மாணவி, "அப்போ உயிர்னு தனியா ஒண்ணு இல்லையா சார்?" என்று கேட்டாள். உயிர் உண்டென்னும் என் சமணம் முழுவதும் நாக்கு நுனிவரை வந்து நின்றது. "இல்லைன்னுதான் அவங்க சொல்றாங்க. உடம்புல இருந்துதான் உணர்வு வருது, உடம்போட அதுவும் போயிடும்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். தாங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். மறுநாள் தாங்களே முதல்வரிடம் சென்று, பாடத்தை என் பெயரில் எழுத வைத்தீர்கள்.

அம்மையீர்! வரும் பிறவியிலும் சந்திப்போம் என்று எழுத என் தத்துவம் இடம் தரும். தங்கள் தத்துவம் தராது. இன்று தங்கள் கட்சிப்படியே வாழ்த்துகிறோம்: இந்த ஒரே வாழ்வில், இந்த ஒரே உடம்பில், கண்ணொளி குன்றாமல், காரசாரம் குறையாமல், நோய் நொடியின்றி நூறாண்டு இருங்கள். தங்களை அனுப்ப எங்களுக்கு மனமே இல்லை. இன்னொரு பிறவி இல்லையென்றால் காத்திருப்பதற்கும் ஒன்றுமில்லை. திங்கட்கிழமை இரண்டாம் பாடவேளை உலகாயத வகுப்புக்கே வந்துவிடுங்கள்.

தங்கள் பிரிவை ஏற்க மறுக்கும்,
தத்துவத் துறை ஆசிரியர்களும் அலுவலகத்தாரும்