சத்து லகி அடா

ஐம்பதுகளின் கடைசியில், சிராங்கூன் சாலை பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு ஓரகத்திகள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் இளையவள், பஸ் குலுங்கும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி 'சத்து லகி அடா'ன்னாளே, வீட்ல என்னன்னு சொன்னீங்க?"

"இன்னும் ஒண்ணு இருக்குன்னு. அதானே அர்த்தம்?"

"என்ன ஒண்ணு?"

"கட்டிதான். ஒண்ணை எடுத்தாச்சு, உள்ளே இன்னொரு கட்டி இருக்குன்னு..."

"ஐயோ! கட்டியோட ஒரு பக்கத்து முட்டைப்பையை எடுத்துட்டாங்க. மறுபக்கம் ஒண்ணு நல்லா இருக்கு, பிள்ளை பிறக்கும்னு சொன்னா அக்கா, அவ!"

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அத்தை என்ன சொன்னாங்க?"

"இனி உனக்குப் பிள்ளை பிறக்காது, தம்பிக்கு வேற பொண்ணு பார்க்கணும்னாங்க."

"அவரு?"

"ஒண்ணும் சொல்லல."

ஃபேரர் பார்க் வந்தது. யாரோ இறங்கினார்கள்.

"வீட்டுக்குப் போனதும் நானே சரியாச் சொல்லிடறேன் லா."

"சொல்லாதீங்க அக்கா" என்றாள் இளையவள். "அவரு வாயைத் திறந்து என்ன சொல்றாருன்னு முதல்ல நான் கேட்கணும்."