ஓடிப்போன மாத்திரை

எண்பதுகளில் ஒருநாள், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜாபாத் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவர், மனைவி, மகள். கணவரின் மூச்சிழுப்புக்கு டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

“ராவு முழுக்கப் பாக்கவேண்டிய வேலைய ஒரே நிமிசத்துல செஞ்சிட்டு ஓடிப்பூட்ச்சாம் உன் மாத்திரை,” என்றாள் மனைவி.

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“சூரணத்த இடிச்சுத் தேன்ல கொழைக்கிற மாரிதான் மாத்திரையையும் இடிச்சுக் கொழைச்சேன். அது ஒரு குத்தமா?” என்றார் கணவர்.

“அது மேல கோந்து மாரி இன்னாவோ பூசிக்கீதாம். உள்ள கீற மருந்து கொஞ்சங் கொஞ்சமா கரையணுமாம். நீ இடிச்சதுல மொத்தமும் ஒண்ணா எறங்கி, நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கிச்சி. டாக்டர் திட்டினது பத்தலையா?”

“ஷிப்டு முடியறதுக்குள்ள ஓடினா, அதுக்கு மெமோ குடுக்கணும். என்னை எதுக்குத் திட்டறது?”

“சிரிக்காதய்யா. நாளைக்குப் பொண்ணு பாக்க வராங்க. போன தபா வந்தவங்க உன் இழுப்பக் கேட்டுட்டு, ‘பொண்ணுக்கும் இது வருமா’ன்னுட்டுப் போனவங்கதான், திரும்பி வரல. இந்தத் தபாவாவது முழுசா முழுங்கு.”

ஜன்னலோரம் இருந்த மகள் அப்போதுதான் திரும்பினாள்.

“நைனா, நாளைக்குக் கொஞ்சம் சத்தமாவே இழு. போட்டோவப் பாத்தேன். எனக்கு அந்த ஆளு வேணாம்.”

“இன்னாடி சொல்ற?” என்று மனைவி பதறினாள்.

அவர் மாத்திரைப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுத் தட்டிக்கொண்டார்.

“டாக்டர் சொன்ன மாரி முழுசாத்தான் முழுங்குவேன். மொதல்ல அவங்க பஜ்ஜி தின்னுட்டுக் கெளம்பட்டும்.”